பூச்சியத்துக்குப் பக்கத்தில்

இரவு பத்தரைக்கு கயெத்தான்
நாற்காலியை எனக்கு விட்டான், இன்னும் சூடாக.
திரையில் அவன் கீறிய கோடுகள்:
தெற்கே மழை, வடக்கே பனி,
நடுவில் அறுபது கிலோமீட்டர் அகலத்துக்கு
ஊதா நிறத்தில் ஒன்று.
"இனி உன் பாடு" என்றான்,
ஒற்றைக் கையுறையைத் தேடியபடி.

ஊதாவுக்குள் கோர்ன்வால்.
நதிப் பாலம், இரண்டு ஆலை, ஓர் ஆஸ்பத்திரி,
நாற்பத்தொரு பள்ளி பஸ்.

மேலே எல்லாம் பனிதான்.
ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.
ஆறு முனையும் ஒடியாமல் இறங்கத் தொடங்குகிறது.
இடைவழியில், தெற்கிலிருந்து வந்த காற்று
சொல்லாமல் வந்த விருந்தாளிபோல்
கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
அதன் உடம்பில் இரண்டு டிகிரி சூடு.
அதைக் கடக்கையில் பனி கரைந்து துளியாகிறது.
அதற்கும் கீழே, தரையோடு ஒட்டி, மறுபடி குளிர்.
குளிர் தடிப்பாக இருந்தால்
துளி வழியிலேயே இறுகி
குறுணி அரிசிபோல் தெறிக்கும்.
மெல்லியதாக இருந்தால்
துளியாகவே வந்து சேரும்,
தொட்ட பிறகுதான் கண்ணாடியாகும்:
படியில், மின்கம்பியில், கார்க் கதவின் பிடியில்.

விருந்தாளி எத்தனை மீட்டர் தடிப்பு?
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

மூன்று மாடல்கள்.
ஒன்று பதினெட்டு சென்டிமீட்டர் பனி என்கிறது.
ஒன்று வெறும் மழை என்கிறது,
குடை போதும் என்ற தொனியில்.
மூன்றாவது
ஓட்டத்துக்கு ஓட்டம் மனம் மாறுகிறது.
அதைத்தான் நம்புகிறேன்,
அதுவாவது பயப்படுகிறது.

போன பெப்ரவரி நான் "மழை" என்று எழுதினேன்.
ஒரு டிகிரியில் பத்தில் நாலு பங்கு பிசகு.
லோர்ன் மக்கீ என்ற சாரதி
பிள்ளைகளை ஏற்றப் போன வெறும் பஸ்ஸோடு
வாய்க்காலுக்குள்.
மணிக்கட்டில் இரண்டு முறிவு.
ஆளைப் பார்த்ததில்லை.
அறிக்கையில் பெயர் இருந்தது.

எழுதுவது இரண்டு மொழிகளில்.
அவற்றில் ஒவ்வோர் உறைதலுக்கும்
ஒரு பெட்டி, ஒரு குறி.
யோசிப்பது மூன்றாவதில்.
அதில் மார்கழிப் புல்லில் இருப்பதும் பனி,
இங்கே கூரையை இறக்குவதும் பனி.
பழம்பாட்டில் பனித்தல் என்றால் நடுங்குதல்.
இரவு மூன்று மணிக்கு
அது ஏழ்மையாகத் தோன்றவில்லை.
எல்லாம் ஒரே நீர்,
எந்த உயரத்தில் மனம் மாறியது என்பதுதான் கேள்வி.

நாலு இருபதுக்கு நொயெல்லா கூப்பிட்டாள்.
பஸ்களை விடுவதும் நிறுத்துவதும் அவள் கையில்.
பின்னால் கேத்தில் கொதிக்கும் சத்தம்.
"உறைமழைக்கு எழுபது சதவீதம்" என்றேன்.
"எழுபது சதவீத பஸ் அனுப்ப
எனக்குத் தெரியாது" என்றாள்.
கேத்தில் தானாக நின்றது.
என் வேலை எண்ணோடு முடிகிறது,
அதற்கு மேல் சொல்ல அனுமதியில்லை.
"அனுப்பாதே" என்றேன்.

ஏழு மணி, கோர்ன்வாலில் இருந்து கண்காணிப்பு:
மழை.
பூச்சியத்துக்கு மேலே பத்தில் ஆறு.
சாதாரண, முட்டாள் மழை.
நாற்பத்தொரு பஸ்
கழுவி விட்டதுபோல் வரிசையாக நிற்கிறதாம்.
பெற்றோர் எல்லாரும் அவளைத்தான் திட்டுகிறார்கள்.
என் பெயர் அவர்களுக்குத் தெரியாது.
"உன் பாவம் எனக்கு" என்று
ஒரு செய்தி அனுப்பினாள்,
சிரிக்கும் முகம் போட்டு. அல்லது அழும் முகம்,
கண்ணாடி இல்லாமல் பார்த்தேன்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன்.
டோர்வால் வாகனத் தரிப்பிடம்
விளக்கெல்லாம் இரண்டிரண்டாய் மின்னியது.
மூன்றடி வைத்ததும் கால் தன்பாட்டில் போனது.
ஊதா நிறம்
நூறு கிலோமீட்டர் கிழக்கே வந்து
என்னைக் கேட்காமல் இறங்கியிருந்தது.

கார்க் கதவை நகத்தால் தட்டினேன்.
உள்ளே பிடி தெளிவாகத் தெரிந்தது.
தொட முடியவில்லை.